ஆணி தூக்கிய கை

என் தம்பியை பஸ் டிப்போவில் ஆணி என்றால்தான் தெரியும். கால்பந்து ஆடும்போது பின்வரிசையில் அடித்து இறக்கியது மாதிரி நிற்பான், எவனாலும் அசைக்க முடியாது என்று வைத்த பெயர். அவன் செத்த சில வாரத்தில், அவன் ஆட்டத்துக்குள் இருந்தானா வெளியே இருந்தானா என்று தீர்மானிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். செத்தவனை அடக்கம் செய்ததோடு விடாத ஜனங்கள். நானும் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். எனக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும், அப்படியிருந்தும் என்னைக் கூப்பிட்டார்கள் பாருங்கள், அது அவர்கள் தலையெழுத்து.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் டிப்போவில் மெக்கானிக், டிப்போ அணிக்குக் கேப்டன். தம்பியும் அங்கேயே மெக்கானிக், அதே அணியில் பின்வரிசை. நான் அதே டிப்போவின் வாசலில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காருகிறவள். அம்மாவும் தம்பியும் எங்களோடுதான். மாமனும் மச்சானும் பகலெல்லாம் ஒரே பஸ்ஸுக்கு அடியில் படுத்து பிரேக் பார்ப்பார்கள், வீட்டுக்கு வந்தால் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆஃப்சைடுக்குச் சண்டை போடுவார்கள். உப்பு டப்பா கோல்கீப்பர், டம்ளர்கள் ஆட்டக்காரர்கள், மேசை விளிம்புதான் கோல் கோடு. நான் தண்ணீர் ஊற்ற வந்தால், "அக்கா, அந்த டம்ளரைத் தொடாத, அது ஆஃப்சைடுல நிக்குது" என்பான் தம்பி. "தொடலன்னா உன் தலையிலதான் ஊத்தணும்" என்பேன்.

கேட்டுக் கேட்டு எனக்கே அந்த விதி மனப்பாடம். பந்து உதைபடும் நொடியில், முன்னால் நிற்கிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியின் இரண்டு பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பர் ஒருவன், இன்னொருவன் யாரோ. ஒருவன்தான் இருந்தான் என்றால் ஆஃப்சைடு, கொடி உயரும், கோல் செல்லாது. இதில் என்ன சண்டை இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது.

ஒருநாள் தம்பி ஒரு டம்ளரை எடுத்து மேசை விளிம்புக்கு வெளியே, அந்தரத்தில் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பின்வரிசைக்காரன் ஒருத்தன் ரெஃப்ரி அனுமதி இல்லாம கோட்டுக்கு வெளிய போயிட்டான்னு வெச்சுக்கங்க. அவன் வெளிய இருந்தாலும், கோட்டு மேல நிக்கிற மாதிரிதான் கணக்கு."

"வெளிய இருக்கறவன் எப்படிடா கணக்குல வருவான்? அவன்தான் ஆட்டத்துலயே இல்லையே."

"இல்லன்னா நீங்க வேணும்னே வெளிய ஓடிப்போய் எதிராளிய ஆஃப்சைடுல மாட்டிவிட்ருவீங்களே. அதுக்காகத்தான் இப்படி ஒரு விதி."

"போடா. உள்ள இருந்தா உள்ள, வெளிய இருந்தா வெளிய."

என் கணவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கை வலித்ததும் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்குப் புரிய வெக்கறதுக்கு ஒரு பஸ்ஸைப் பிரிச்சு மாட்டிடலாம்" என்று எழுந்து போனான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். என் கணவரும்தான் சிரித்தார்.

பெயின்ட் கம்பெனி அணியோடு நடந்த ஆட்டத்தன்று எனக்குக் கவுன்ட்டரில் வேலை. சில்லறை இல்லை என்று ஒருவனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோதுதான் ஆள் வந்து சொன்னான். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் முகத்தை மூடியிருந்தார்கள். நடந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர்கள் சொன்னது இது. கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து விழுந்துவிட, காலியாகக் கிடந்த கோலுக்குள் உருண்ட பந்தைத் தம்பி சறுக்கிக்கொண்டு போய்த் தட்டிவிட்டான். போன வேகத்தில் உடம்பு கோட்டைத் தாண்டி, கம்பத்துக்குப் பக்கமாய் வலையை இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பியில் மோதியது. விலா உடைந்து உள்ளே குத்திவிட்டது. பந்து பெயின்ட் கம்பெனிக்காரன் காலுக்குப் போனது. கோல்கீப்பர் மட்டும் எழுந்து கோலுக்குத் திரும்ப, எங்கள் ஆட்கள் எதிராளியை ஆஃப்சைடில் மாட்டிவிட மொத்தமாக முன்னால் ஓடினார்கள். அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் கோல்கீப்பருக்கு எதிரே தனியாக நின்றான். பந்து அவனுக்கு வந்தது, உள்ளே தட்டினான். கொடி உயரவில்லை. கோல் என்று நடுவர் கையைக் காட்டினார். அவ்வளவுதான், எங்கள் அணி முழுவதும் போய்க் கொடிக்காரரைச் சூழ்ந்துகொண்டது. வெளியே கிடந்த ஆணி கணக்கில் உண்டா இல்லையா என்று வாக்குவாதம். அது எவ்வளவு நேரம் நடந்தது என்பதை மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள்.

"வலிச்சிருக்குமா, மாப்பிள்ளை?" என்று அம்மா தினமும் என் கணவரைக் கேட்பார்.

"இல்ல அத்த. மோதினதுமே போயிட்டான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

அம்மா தலையாட்டிக்கொள்வார். மறுநாள் மறுபடி கேட்பார், அதே பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அம்மா சாப்பிட உட்காருவார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் டிப்போவில் வேறு பேச்சு கிளம்பியது. அந்த ஒரு கோலில் தோற்றதால் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கப் போகிறது. ஆணி ஒரு எட்டு எடுத்து உள்ளே வந்து தடுத்திருந்தால் தோற்றிருக்க மாட்டோம், ஆணியால்தான் போச்சு என்று கேன்டீனில் பேசினார்கள். என் கவுன்ட்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றே ஒரு கண்டக்டர் சொன்னான். "செத்தவன் வந்து உனக்குப் பந்து தடுக்கணுமா?" என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு போனான். என் தம்பி உயிரைக் கொடுத்துத் தடுத்த பந்தை எல்லோரும் மறந்தார்கள், அவன் கிடந்த இடம் மட்டும் ஞாபகம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அணியின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அந்தக் கோல் செல்லாது என்று கால்பந்து சங்கத்தில் முறையீடு செய்திருக்கிறோம், விசாரணைக்கு நீங்களும் வர வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

"ஆணி மேல விழுந்த பழி போகணும் இல்லையா, அம்மா? கோல் ரத்தாச்சுன்னா அவனோட கடைசி ஆட்டம் தோல்வின்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க எதுவும் பேச வேணாம். வந்து உட்கார்ந்தாலே போதும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தம்பி பெயர் சுத்தமாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் வருகிறேன் என்றேன். என் கணவர் மட்டும், "அவ எதுக்கு? அவ வேணாம்" என்றார். என்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று சொல்கிறார் போல என்று நினைத்தேன்.

சங்கத்தின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே. மாடிப்படி முழுக்க ரப்பர் நாற்றம். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், கோப்பைகள் அடுக்கிய அலமாரி, சுவரில் பச்சை வண்ணம் அடித்த ஒரு தகரப் பலகை. அதில் வெள்ளைக் கோடுகள் போட்டு, ஆட்டக்காரர்களுக்குப் பதில் காந்த வில்லைகள் ஒட்டியிருந்தார்கள். தலைவர் ஒரு பழைய ஆட்டக்காரர், முழங்கால் போய்விட்டதால் காலை நீட்டி ஸ்டூலில் வைத்திருந்தார். எதிரே நடுவரும் கொடிக்காரரும். இந்தப் பக்கம் செயலாளர், என் கணவர், நான். எல்லோருக்கும் காகிதக் கப்பில் டீ வந்தது. என் கணவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

செயலாளர் எழுந்துபோய் ஒவ்வொரு வில்லையாக நகர்த்தி விளக்கினார். தம்பிக்கு ஒரு சிவப்பு வில்லை. அதைக் கோல் கோட்டுக்கு வெளியே வைக்கப் போனால் ஒட்டவில்லை, அங்கே பலகையின் மரச் சட்டம். விழுந்து உருண்டது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. கடைசியில் அதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"ஐயா, வெளிய போனவன் கோட்டு மேல நிக்கிற மாதிரிதான்னு விதி சொல்லுது. நாங்க மறுக்கல. ஆனா ரெஃப்ரியோட அனுமதி இல்லாம போனாத்தான் அப்படி. அனுமதி கொடுத்துட்டா அவன் கணக்குல இல்ல. எங்க ஆட்டக்காரர் அனுமதி கேட்டாரு. வெளிய கெடந்தபடியே கையத் தூக்கினாரு. ரெஃப்ரி பார்த்தாரு, தலையாட்டினாரு. அப்புறம்தான் அந்தப் பந்து வந்துச்சு. அதனால அது ஆஃப்சைடு."

எனக்கு முதலில் புரியவில்லை. கையத் தூக்கினாரு என்ற சொல் காதில் விழுந்தது, உள்ளே இறங்கச் சிறிது நேரம் பிடித்தது.

தலைவர் நடுவரைக் கேட்டார். "கையத் தூக்கினாரா?"

"தூக்கினார் ஐயா. பார்த்தேன். ஆனா அது அனுமதி கேக்கற கை இல்ல. பின்வரிசைக்காரங்க எல்லாரும் ஆஃப்சைடுன்னா கையத் தூக்குவாங்களே, அந்தக் கை. அப்பீல் பண்றாருன்னு நெனச்சேன். நான் தலையாட்டவும் இல்ல."

"அனுமதிதான் கேட்டாரு" என்றார் செயலாளர்.

"அப்பீல்தான்" என்றார் நடுவர்.

"வெளிய கெடக்கறவன் எதுக்குங்க அப்பீல் பண்றான்?"

"எல்லாரும் பண்ணுவாங்க. உங்க அணியில கோல்கீப்பர்கூடக் கையத் தூக்கிட்டுதான் நின்னாரு."

இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். அனுமதி, அப்பீல், அனுமதி, அப்பீல். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். என் தம்பியின் கையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்து, அந்தச் சோற்றைத் தினமும் என் அம்மாவுக்கு ஊட்டியிருக்கிறார் இந்த மனுஷன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் எழுந்து நின்றேன்.

"ஒரு நிமிஷம். எப்பத் தூக்கினான்?"

செயலாளர், "அம்மா, நீங்க உட்காருங்க. உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார்.

"செத்தவனோட அக்கா நான் உணர்ச்சிவசப்படாம, நீங்க கையில புடிச்சிருக்கற வில்லையா உணர்ச்சிவசப்படும்?" என்றேன். பிறகு கொடிக்காரரைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க சொல்லுங்க. நீங்கதான் அந்தக் கோட்டுக்கு நேரா நிக்கறவரு. எப்பத் தூக்கினான்?"

கொடிக்காரர் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். எனக்கு முகம் தெரியும், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். தலைவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கம்பியில மோதி விழுந்தாரு. கொஞ்சம் பொறுத்துக் கையத் தூக்கினாரு, அது கோலுக்கு முன்னாடி. அப்ப உங்க கேப்டன் முன்னால ஓடிக்கிட்டே திரும்பிப் பார்த்துக் கத்தினாரு, 'எழுந்திரிக்காத, வெளியவே கெட'ன்னு. உங்க தம்பி கையக் கீழ போட்டுட்டாரு. அப்புறம் கோல் விழுந்துச்சு. எல்லாரும் என்கிட்ட வந்துட்டாங்க. அவங்க தோளுக்கு நடுவால பார்த்தேன், இன்னொரு தடவை தூக்கினாரு."

"கோலுக்கு அப்புறமா?"

"ஆமா, அம்மா."

"அப்ப நீங்க எல்லாரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவன் கணக்கில் உண்டா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா," என்று தலைவர் பக்கம் திரும்பினேன், "கையத் தூக்கினா அப்பீல்னு நெனச்சாங்க, சரி. அனுமதின்னு சொல்றாங்க, அதுவும் சரி. படுத்துக்கிட்டே யாராவது அப்பீல் பண்ணுவாங்களா? நீங்களும் ஆடினவருதானே, சொல்லுங்க."

தலைவர் விதிப் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா அது வேற விஷயம். இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி இருக்கறது ஆஃப்சைடு மட்டும்தான்."

பிறகு தீர்ப்பைச் சொன்னார். அனுமதி கொடுத்ததற்கு ஆதாரம் இல்லை. ஆகவே கோட்டுக்கு வெளியே கிடந்தவர் ஆட்டத்தில் இருந்ததாகவே கருதப்படுவார். கோல் செல்லும். செயலாளர் விரலை எடுத்தார், சிவப்பு வில்லை விழுந்து என் நாற்காலிக்கு அடியில் உருண்டு போனது. யாரும் குனியவில்லை. நான்தான் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி மேசையில் சொன்னதுதான் சரி. இவ்வளவு பேர் கூடி, இத்தனை டீ குடித்து, அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். கடைகளில் விளக்குப் போடுகிற நேரம். என் கணவர் எனக்குப் பின்னால் வந்தார். தெரு முனை வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் போன்றவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

"எழுந்திரிக்காதன்னு சொன்னீங்களா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டேன்.

"வெளிய இருந்தா கணக்குல வரமாட்டான்னு நெனச்சேன்."

"அவன்தான் அன்னிக்கே சொன்னானே."

"சொன்னான்."

"கையத் தூக்கினதையும் பார்த்தீங்க."

அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். பூட்டிக் கிடந்த ஒரு லாண்டரிக் கடையின் ஷட்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"என்னால எழுந்திரிக்க முடியலன்னு சொல்றான்னு எனக்கு எப்படித் தெரியும்? சரி மாமா, கெடக்கறேன்னு சொல்றான்னு நெனச்சேன். எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசறவன், இன்னிக்காவது நான் சொன்னதைக் கேட்டானேன்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

அவர் அழுதார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் தோளைத் தொடவும் கை நீண்டது. இரண்டையும் செய்யாமல் நடந்தேன்.

அம்மா மேசையில் தட்டு வைத்துக் காத்திருந்தார். உப்பு டப்பாவும் டம்ளர்களும் எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தன. தம்பி டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"என்ன முடிவாச்சு?"

"கோல் செல்லும்னு சொல்லிட்டாங்கம்மா."

"போகட்டும், விடு. அவனே இல்ல, கோல் என்னத்துக்கு" என்றார் அம்மா. பிறகு வழக்கம்போல என் கணவரைப் பார்த்தார். "வலிச்சிருக்காதுல்ல, மாப்பிள்ளை?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆமாம்மா, உடனே போயிட்டான் என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கலாம், அம்மாவும் சாப்பிட உட்கார்ந்திருப்பார். எதற்கும் முந்திக்கொள்கிற என் வாய் அப்போது திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று நான்தான் மூடிக்கொண்டேன்.

"அத்த," என்றார் அவர், "அவன் உடனே போகல. கையத் தூக்கினான். ரெண்டு தடவ."

அம்மா கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தார்.

"யாரு போனா?"

"யாரும் போகல."

"எதுக்குத் தூக்கறான்னு யாருக்கும் தெரியலையா?"

"ஆஃப்சைடு கேக்கறான்னு நெனச்சாங்க."

அம்மாவுக்கு ஆஃப்சைடு தெரியாது. இத்தனை வருஷம் அந்த மேசையில் பரிமாறியும் அவர் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் கேட்டது வேறு.

"அவன் யாரைப் பார்த்துத் தூக்கினான்?"

என் கணவர் தம்பியின் டம்ளரைப் பார்த்தார். பிறகு, "என்னைப் பார்த்துத்தான்" என்றார்.

"அப்ப உங்களைத்தான் கூப்பிட்டிருக்கான், மாப்பிள்ளை" என்றார் அம்மா. குரலில் கோபம் இல்லை. தெரியாத ஒருவருக்கு வழி சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என் கணவரின் தட்டில் சோற்றைப் போட்டு அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.